மருந்தியல் பாடத்துக்கு ஆன்கி: கடமையோடு படிக்கும் தாதியருக்காக ஒரு மதிப்பீடு

தாதியர் மேற்படிப்பில் ஆட்களை விழுத்துகிற பாடம் எதுவென்று கேட்டால் முன்னால் படித்த அக்காமார் யோசிக்காமல் மருந்தியல் என்பார்கள். முதல் படிப்பில் ஒரு மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு, கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்று நான்கு வரி தெரிந்தால் போதும். மேற்படிப்பில் கேள்வியே மாறிவிடும். ஏன் இந்த மருந்து, ஏன் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஈரல் பழுதானால் என்ன செய்வது, காசநோய்க் குளிசை கூடப் போனால் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். ஒரு அரையாண்டுக்குள் நூற்றுக்கணக்கான மருந்துகள். அதற்குள் இரவுக் கடமை, வீடு, பிள்ளைகள்.

இந்த நிலையில் பலர் கையில் எடுக்கிற கருவி ஆன்கி. அதைப் பற்றிய முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அட்டைகளைத் தானே எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வேறு யாரோ எழுதிய அட்டைக்கட்டை இறக்கிப் படிப்பவரை இது பிழையான வழியில் கொண்டுபோகும். டோஸ் கணக்குக்கு இது உதவாது. இந்த மூன்றையும் கீழே விரிவாகப் பார்ப்போம்.

ஆன்கி என்பது கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்ற அட்டைகளை வைத்து மீட்டல் செய்யும் மென்பொருள். 2006இல் வெளிவந்தது. மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து, பிறகு சில கிழமை கழித்து, பிறகு சில மாதம் கழித்து வரும். பிழைத்தால் கிட்டத்தில் வரும். கணனிக்கு இலவசம், அன்ரொயிட் போனுக்கு ஆன்கிடிரொயிட் என்ற பெயரில் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஏறத்தாழ 25 அமெரிக்க டொலர், ஒருமுறை கட்டினால் போதும். அந்தக் காசு பாரமென்றால் போனின் உலாவியில் ஆன்கிவெப் தளத்தைத் திறந்து காசில்லாமல் படிக்கலாம், ஆனால் அதற்கு இணைய இணைப்பு எந்நேரமும் வேண்டும். பெயர் ஒத்த வேறு செயலிகளும் கடையில் கிடக்கின்றன. மாதச் சந்தா கேட்டால் அது நீங்கள் தேடியது இல்லை.

ஆன்கிடிரொயிட்டின் பெரிய நன்மை, டேற்றா இல்லாமலே ஓடுவது. பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வருகிற பஸ்ஸிலும் கறண்ட் நின்ற இரவிலும் மீட்டல் நடக்கும். கணனியோடு ஒத்திசைக்கும்போது மட்டும் இணைப்புத் தேவை. எழுத்து மட்டும் உள்ள அட்டைகள் மிகக் கொஞ்ச டேற்றாதான் எடுக்கும். படங்களைப் போனில் எடுத்த அளவிலேயே போட்டால்தான் ஒத்திசைவு நீண்டு றீலோட்டை விழுங்கும். படத்தைச் சிறிதாக்கிவிட்டுப் போடுங்கள்.

இறக்குகிற அட்டைக்கட்டுகளில் என்ன பிழை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாளே எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். பகிரப்பட்ட தாதியர் மருந்தியல் கட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க அனுமதிப் பரீட்சைக்காக அமெரிக்க மாணவர் செய்தவை. அங்கே அசிற்றமினோபென் என்பது எங்கள் பரசிற்றமோல். அல்பியூற்றரோல் என்பது சல்பியூற்றமோல். எபிநெப்ரின் என்றால் அட்ரீனலின், மெபெரிடின் என்றால் பெத்திடின், கிளைபுரைட் என்றால் கிளிபென்கிளமைட், றிபாம்பின் என்றால் றிபாம்பிசின். இரவு முழுக்க அல்பியூற்றரோல் என்று மனதில் பதித்துவிட்டு, காலையில் மருந்து அட்டையில் சல்பியூற்றமோல் என்று கண்டால் மூளை ஒரு கணம் நிற்கும். அவசரத்தில் அந்த ஒரு கணம் பெரிது. அலகுகளும் அப்படித்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியற்றினின் 1 மி.கி./டெசிலீற்றர் என்பது 88 மைக்ரோமோல்/லீற்றர். கட்டு ஒரு அலகிலும் உங்கள் ஆய்வுகூட அறிக்கை மற்ற அலகிலும் இருந்தால், 1.4 என்ற எண்ணைப் பாடமாக்கியவருக்கு 124 என்ற எண் எதையும் சொல்லாது.

வர்த்தகப் பெயர் இன்னொரு தொல்லை. அந்தக் கட்டுகளில் மருந்தின் பொதுப்பெயரை மறைத்துவிட்டு வர்த்தகப் பெயரைக் கேட்கும் அட்டைகள் நிறைய. இலங்கை அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் பொதுப்பெயரில்தான் புழங்குகின்றன. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று கொண்டுவந்த கொள்கையாலும், 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தாலும் மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கி வழங்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. அந்த வசதியை ஏன் வீணாக்க வேண்டும்? உங்கள் அட்டையில் முதல் இடம் பொதுப்பெயருக்கே. பாமசியில் வருத்தக்காரர் வாங்கிவரும் பெட்டியில் உள்ள பெயரைத் தனி அட்டையாகப் பிறகு சேர்க்கலாம்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அட்டையை எழுதுவதே படிப்பு. இரண்டு பக்க விளக்கத்தை ஏழு சிறு கேள்விகளாக உடைக்கும்போதுதான் எது விளங்கியது, எது வெறும் சொல்லாக நிற்கிறது என்று தெரியவரும். வேறொருவர் உடைத்ததைப் படித்தால் அந்த வேலை உங்கள் தலையில் நடக்கவில்லை. 2006இல் றோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவில் வைக்கத்தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர் ஐந்து நிமிடத்தின் பின் நன்றாக எழுதினார்கள், ஒரு கிழமைக்குப் பின் தம்மைத் தாமே சோதித்துப் படித்தவர்களே முந்தினார்கள். கொப்பியில் மஞ்சள் நிறம் பூசி நாலு தரம் வாசித்துவிட்டுப் போனவர் பரீட்சை மண்டபத்தில் வெறுங்கையாக நிற்பது இதனால்தான்.

எப்படி உடைப்பது என்பதை ஒரு இதய மருந்தை வைத்தே பார்ப்போம். டிஜொக்சின். பலர் எழுதும் அட்டை இப்படி இருக்கும்: முன்பக்கம் "டிஜொக்சின்", பின்பக்கம் பதினொரு வரி. அந்த அட்டை வரும்போது எட்டு வரி ஞாபகம் வரும், மூன்று வராது. அதைச் சரி என்பதா பிழை என்பதா? எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பொய். விட்டுப்போன அந்த மூன்று வரி மாதக்கணக்கில் விட்டுப்போயே இருக்கும்.

அதையே இப்படி உடையுங்கள். முதல் அட்டை: டிஜொக்சின் எந்தப் பம்பைத் தடுக்கிறது? சோடியம்-பொற்றாசியம் பம்பை. இரண்டாவது: அந்தப் பம்ப் தடைப்பட்டால் இதயத் தசைக் கலத்துக்குள் கல்சியம் ஏன் கூடுகிறது? உள்ளே சோடியம் சேர்வதால், சோடியத்தை உள்ளே விட்டுக் கல்சியத்தை வெளியே தள்ளும் மாற்றி மந்தமாகிறது. மூன்றாவது: குருதியில் பொற்றாசியம் குறைந்தால் நச்சுத்தன்மை ஏன் கூடும்? இரண்டும் பம்பின் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, பொற்றாசியம் குறைந்தால் டிஜொக்சினுக்கு வழி இலகுவாகிறது. நான்காவது: டிஜொக்சின் எடுப்பவருக்குப் பிறுசமைட் (பொற்றாசியத்தைச் சிறுநீரோடு கழிக்கும் மருந்து) தொடங்கினால் எதைப் பார்க்க வேண்டும், ஏன்? ஐந்தாவது: அரைவாழ்வுக் காலம் (உடலில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) எவ்வளவு? 36 முதல் 48 மணித்தியாலம். ஆறாவது: அப்படியானால் நிலையான அளவு வர எத்தனை நாள்? ஏறத்தாழ ஐந்து அரைவாழ்வு, அதாவது ஏழரை முதல் பத்து நாள். ஏழாவது: அவசரமாக வேலை செய்ய வேண்டுமென்றால் ஏன் ஏற்று டோஸ் (தொடக்கத்திலேயே கொடுக்கும் பெரிய டோஸ்) கொடுக்கிறார்கள்? ஆறாவது அட்டையே விடை. எட்டாவது: கொடுக்கும் முன் நாடியை எங்கே, எவ்வளவு நேரம் எண்ணுவது? இதய நுனியில், முழு ஒரு நிமிடம். 60க்குக் கீழ் என்றால் நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவிப்பது. ஒன்பதாவது: நச்சுத்தன்மையின் தொடக்க அறிகுறிகளில் வருத்தக்காரர் தானாகச் சொல்லக்கூடியவை? பசியின்மை, குமட்டல், பொருட்கள் மஞ்சளாகத் தெரிவது.

ஒன்பது அட்டை எழுத அரை மணித்தியாலம் போகும். ஆனால் ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்குள் பார்த்துத் தள்ளலாம், எது தெரியவில்லை என்பது சந்தேகமில்லாமல் தெரியும். இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது அட்டைகள் "ஏன்" என்று கேட்பதைக் கவனியுங்கள். மேற்படிப்பு வினாத்தாள் கேட்பதும் அதைத்தான். "என்ன" அட்டை இரண்டு எழுதினால் "ஏன்" அட்டை ஒன்றாவது எழுதுங்கள்.

மொழி விடயத்தில் யாழ்ப்பாணத்து மாணவருக்கு ஒரு சிறப்பான சிக்கல் இருக்கிறது. உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்தோம், "வாங்கி" (றிசெப்ரர்), "நொதியம்" (என்சைம்), "பதார்த்தம்" என்றுதான் அடிமனம் யோசிக்கிறது. மேற்படிப்போ ஆங்கிலத்தில் நடக்கிறது. முழு அட்டையையும் ஆங்கிலத்தில் எழுதினால் சொல் பாடமாகும், காரணம் விளங்காது. முழுவதையும் தமிழில் எழுதினால் விளங்கும், வினாத்தாளில் எழுத வராது. நன்றாக வேலை செய்யும் வழி கேள்வியையும் கலைச்சொல்லையும் ஆங்கிலத்தில் வைத்து, காரணத்தைத் தமிழில், வாயால் கதைக்கிற மாதிரி எழுதுவது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது காரணப் பகுதியை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக ஆரம்பிக்கலாம். தமிழில் மருத்துவம் விளங்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தவர், அதற்கான நூல்களையும் தமிழாக்கியவர்.

ஆன்கி தமிழ் ஒருங்குறியை எந்தச் சிரமமும் இல்லாமல் காட்டும். சிரமம் பழைய குறிப்புகளில். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த விரிவுரைக் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டினால் அட்டையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். முதலில் பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றியில் போட்டு, பிறகு ஒட்ட வேண்டும். எக்செலில் கேள்வியை முதல் நிரலிலும் விடையை இரண்டாவது நிரலிலும் எழுதி மொத்தமாக ஏற்றுகிறவர்கள், கோப்பைச் சேமிக்கும்போது யூ.ரி.எப்.-8 என்று குறித்த சி.எஸ்.வி. வகையைத் தெரிவு செய்ய வேண்டும். வெறும் சி.எஸ்.வி. என்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து திரும்பவும் எடுக்க முடியாது.

மருந்துகளின் வால்பகுதியை வைத்து வகுப்பைப் பிடிப்பது நல்ல குறுக்குவழி. ஓலோல் என்று முடிந்தால் பீற்றா தடுப்பி, பிரில் என்றால் ஏ.சி.ஈ. தடுப்பி, சாட்டன் என்றால் அஞ்சியோரென்சின் வாங்கித் தடுப்பி. ஆனால் வாலை மட்டும் நம்பினால் விழுவீர்கள். ஒமிப்பிரசோலும் பன்ரொப்பிரசோலும் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை, அரிப்பிப்பிரசோல் மனநோய்க்கானது. மைசின் வால் அதைவிட மோசம். ஜென்ராமைசின், எரித்திரோமைசின், வன்கோமைசின், கிளிண்டமைசின் நான்கும் நான்கு வேறு வகுப்பு, பிளியோமைசின் புற்றுநோய் மருந்து. வகுப்பு அட்டை ஒன்று எழுதினால் அந்த வகுப்பின் பொய்வாலுக்கும் ஒரு அட்டை உடனே எழுதிவிடுங்கள். பலதேர்வு வினாக்களில் பொறி வைக்க வசதியான இடம் இது.

வார்ட்டில் கண்டதோடு கட்டினால் அட்டை மனதில் ஒட்டும். எனலாபிரில் எடுக்கும் ஒருவருக்கு வறட்டு இருமல் என்றால் பிராடிகைனின் உடையாமல் தேங்குவதுதான் காரணம், லொசாட்டனில் அந்தத் தேக்கம் இல்லை. அதே எனலாபிரிலோடு ஸ்பைரனொலக்ரோனும் போகிற ஒருவர் நாளுக்கு இரண்டு இளநீர் குடித்தால்? மூன்றும் குருதியில் பொற்றாசியத்தைக் கூட்டும். குருதி உறைவைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவருக்கு முருங்கையிலை வறை கூடாதென்று சொல்லிவிடுவது வழமை. சரியான அட்டை அப்படிச் சொல்லாது. கீரையில் வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும் வைற்றமின் கே இருக்கிறது, அதை நிறுத்தத் தேவையில்லை, கிழமைக்குக் கிழமை அளவு பெரிதாக மாறக்கூடாது என்று சொல்லும். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்து ஐ.என்.ஆர். (குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 2.5இல் நின்றவர் திடீரென்று நாளாந்தம் ஒரு கோப்பை வறை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும், வழமையாகச் சாப்பிட்டவர் விரதத்துக்காகவோ நோயாலோ நிறுத்தினால் ஏறும். இப்படி ஒரு அட்டையை இறக்கிய கட்டில் தேடினாலும் கிடைக்காது.

அதே வார்பரினுக்கு இன்னொரு அட்டையும் கட்டாயம்: தொடங்கிய முதல் நாட்களில் ஏன் ஹெப்பரினும் கூடப் போகிறது? குருதியை உறையச் செய்யும் காரணிகளில் காரணி 7இன் அரைவாழ்வு ஆறு மணித்தியாலமளவில், காரணி 2இன் அரைவாழ்வு இரண்டரை நாளளவில். ஐ.என்.ஆர். முதலில் ஏறுவது காரணி 7 குறைவதால்தான், உறைவைத் தடுக்கும் உண்மையான பலன் காரணி 2 குறையும்போதுதான் வரும். இது விளங்கினால் "குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடு" என்ற விதியைப் பாடமாக்கவே தேவையில்லை.

இடைத்தாக்கங்களை இரண்டு மருந்துச் சோடியாகப் பாடமாக்கத் தொடங்கினால் முடிவே இல்லை. நொதியத்தை நடுவில் வையுங்கள். காசநோய் மருந்தான றிபாம்பிசின், காபமசிப்பின், பினிற்றொயின் ஈரல் நொதியங்களைத் தூண்டுபவை, கிளரித்திரோமைசின், புளுகொனசோல் தடுப்பவை. தூண்டினால் மற்ற மருந்து விரைவாகக் கழியும், தடுத்தால் தேங்கும். தூண்டலுக்குப் புதிய நொதியம் உருவாக வேண்டும், ஆகவே ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். தடுப்பு உடனடியாகத் தொடங்கும். இந்த நாலு வாக்கியமும் நாலு அட்டை. காசநோய்ச் சிகிச்சை தொடங்கிய பெண்ணுக்குக் கருத்தடைக் குளிசை ஏன் பலிக்காமல் போகலாம் என்ற கேள்விக்கு இவற்றில் இருந்தே விடை கட்டலாம்.

இனி அமைப்புகள். இங்கே தவறினால் இரண்டு மாதத்தில் செயலியையே வெறுத்துவிடுவீர்கள். ஆன்கி தானாக நாளுக்கு 20 புதிய அட்டை தரும். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு புதிய அட்டையும் பின்னால் பல மீட்டல்களை இழுத்துவரும், நாளுக்கு 20 புதிது என்றால் மெல்லமெல்ல நாளுக்கு 150, 200 மீட்டல் என்று வந்து நிற்கும். கடமையோடு படிப்பவர் 8 அல்லது 10இல் தொடங்குங்கள். தொடர்ந்து இரவுக் கடமை வரும் கிழமையில் புதிய அட்டையைப் பூச்சியமாக்கிவிட்டு மீட்டலை மட்டும் செய்யுங்கள். நான்கு நாள் முற்றாக விட்டால் குவியும் குவியல்தான் பலரைக் கைவிடச் செய்கிறது. குவிந்துவிட்டால் ஒரே இரவில் 600 அட்டை பார்க்க இறங்காதீர்கள், நாளுக்கு 120 என்று உச்சவரம்பு போட்டு மெல்லமெல்லக் கரையுங்கள்.

இரவுக் கடமைக்காரர் மாற்றவேண்டிய இன்னொரு அமைப்பு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆன்கியின் நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் விழித்திருப்பவருக்குக் கணக்குக் குழம்பும். கடமை முடிந்து வீட்டுக்கு வந்து நித்திரைக்குப் போகும் முன் படித்தால் ஒரு நாள், மாலையில் எழுந்து படித்தால் அதே நாள், மறுநாள் காலை திரும்ப வந்தால் வேறு நாள் என்று மீட்டல்கள் சமனில்லாமல் விழும். நாள் தொடங்கும் நேரத்தைக் காலை 10 மணிக்கு மாற்றிவிட்டால் இரவும் அதன் பின்வரும் காலையும் ஒரே நாளாகச் சேரும். கடமை நேரத்தில் வார்ட்டில் போனை எடுக்கவேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2023இல் வந்த பதிப்பிலிருந்து எப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணிப்பு முறை உள்ளே இருக்கிறது. கட்டின் அமைப்பில் போய் அதைப் போட்டுவிடுங்கள். அட்டை எப்போது மறக்கும் என்பதைப் பழைய முறையைவிட நன்றாகக் கணிக்கிறது. எத்தனை வீதம் ஞாபகத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 0.90 இருக்கும், அதை அப்படியே விடுங்கள். பயத்தில் 0.97 என்று ஏற்றினால் மீட்டல் பலமடங்காகும். முக்கியமான பழக்கம் ஒன்று: மறந்த அட்டைக்கு முதலாவது பொத்தானை மட்டும் அழுத்துங்கள். மறந்ததற்கு வெட்கப்பட்டு இரண்டாவதான "கடினம்" பொத்தானை அழுத்தினால், செயலி அதைச் சரியாகச் சொன்னதாகவே எடுக்கும், மறந்த அட்டையை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைக்கும். ஒரு அட்டை எட்டுத் தரம் பிழைத்தால் ஆன்கி அதை, ஒட்டி நின்று நேரத்தை உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்று அடையாளமிடும். அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. அநேகமாக அதற்குள் இரண்டு கேள்வி இருக்கும், அல்லது அடிப்படை விளங்காமல் எழுதியிருப்பீர்கள். அழித்துவிட்டு உடைத்து எழுதுங்கள்.

டோஸ் கணக்குக்கு ஆன்கி ஏன் உதவாது? ஒரு கணக்கைச் செய்தே பார்ப்போம். 60 கிலோ நிறை, டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், 50 மி.லீ. சிரிஞ்சில் 200 மி.கி. 60ஐ 5ஆல் பெருக்க நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். அதை 60ஆல் பெருக்க மணித்தியாலத்துக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மி.கி. சிரிஞ்சில் ஒரு மி.லீ.க்கு 4 மி.கி. 18ஐ 4ஆல் வகுக்க மணித்தியாலத்துக்கு 4.5 மி.லீ. இதை அட்டையாக்கினால் மூன்றாவது தரம் பார்க்கும்போதே கண் "டோபமின், 60 கிலோ" என்று பிடித்து, வாய் "4.5" என்று சொல்லிவிடும். கணக்கு நடக்கவே இல்லை. பரீட்சையில் 45 கிலோ என்று வரும், விடை 3.4. அல்லது சிரிஞ்சில் 400 மி.கி. என்று வரும், அதே 60 கிலோவுக்கு விடை 2.25. பம்பில் இந்தப் பிழை இரண்டு மடங்கு டோபமின்.

இதற்கு ஒரு கொப்பிதான் சரி. ஆன்கியில் "டோபமின் கணக்கு: நிறையையும் செறிவையும் மாற்றிக் கொப்பியில் ஒருக்கா செய்" என்று மட்டும் ஒரு அட்டை வைக்கலாம், ஞாபகப்படுத்தும் வேலையை அது நன்றாகச் செய்யும். செய்யும்போது ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். பிழைகள் வருவது மூன்று இடத்தில்தான்: நிமிடத்தை மணித்தியாலமாக்க மறப்பது, மைக்ரோகிராமை மில்லிகிராமாக்க மறப்பது, செறிவால் வகுக்க மறப்பது. முதலாவதும் இரண்டாவதும் பொருந்தாத எண் தரும், பார்த்தவுடன் பிடிபடும். மூன்றாவது 18 என்ற நம்பக்கூடிய எண்ணைத் தரும். அதுதான் ஆபத்து.

மாறாத எண்களுக்கு மட்டும் அட்டை பொருந்தும். 15 வீத பொற்றாசியம் குளோரைட் 10 மி.லீ.யில் 1.5 கிராம், அதாவது 20 மில்லிமோல், ஒருபோதும் நேராக நாளத்தில் ஏற்றக்கூடாது. அட்ரீனலின் ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு மி.லீ.யில் 1 மி.கி., பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 0.1 மி.கி. வளர்ந்தவருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் தசைக்குள் 0.5 மி.கி., முதலாவது செறிவில் 0.5 மி.லீ.

தரவு இழப்பைப் பற்றி எச்சரிக்காமல் இந்த மதிப்பீட்டை முடிக்க முடியாது. புதிய அன்ரொயிட் போன்களில் ஆன்கிடிரொயிட்டை நீக்கினால் அட்டைகளும் அதோடு போய்விடும். இடம் போதவில்லை என்று ஒருக்கா நீக்கிவிட்டுப் பிறகு போடலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே ஆன்கிவெப் கணக்கு ஒன்றைத் திறந்து ஒத்திசையுங்கள். புதுப் போனில் முதல் தரம் ஒத்திசைக்கும்போது சில வேளை "ஏற்றவா, இறக்கவா" என்று கேட்கும். இங்கே பதற்றத்தில் பிழையாக அழுத்தி ஒரு அரையாண்டு வேலையை வெறும் கட்டால் அழிக்கலாம். அட்டைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஒரு கணம் யோசியுங்கள். தளத்தில் இருந்தால் இறக்க வேண்டும், போனில் இருந்தால் ஏற்ற வேண்டும். மாதம் ஒருக்கா முழுச் சேகரிப்பையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் இந்தப் பயம் இல்லை.

குழுவாகப் படிப்பவர்கள் அத்தியாயங்களைப் பிரித்து எழுதிப் பகிரலாமா? பகிரலாம், ஒரு நிபந்தனையோடு. ஒருவர் எழுதியதை மற்றவர் தன் கொப்பியோடு ஒப்பிட்டு, தன் சொல்லில் மாற்றி எழுதிய பிறகே மீட்டலில் போடவேண்டும். ஒருவரின் தட்டச்சுப் பிழை, மைக்ரோவும் மில்லியும் மாறியது போன்ற ஒன்று, ஆறு பேரின் மனதிலும் ஒரே நேரத்தில் பதிந்துவிடக்கூடாது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய அட்டை எழுதுவதை நிறுத்துங்கள். அந்தக் கட்டத்தில் எழுதுவது ஒருக்கா இரண்டுக்கா மட்டுமே திரும்ப வரும், மனதில் நிற்காது. கடந்த ஒரு மாதத்தில் பிழைத்த அட்டைகளை மட்டும் வடித்தெடுக்கும் தற்காலிகக் கட்டு ஒன்றை ஆன்கியில் உருவாக்கலாம். அதைக் காலையில் பாருங்கள். மாலையில் போனை வைத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் பார்த்துக் கையால் எழுதுங்கள். அட்டை சிறு விடைகளைத்தான் பழக்குகிறது, "இதயச் செயலிழப்புள்ள 70 வயதானவரின் மருந்துப் பட்டியலை மதிப்பிடுக" என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் கோவையாக எழுதக் கைதான் பழக வேண்டும். எழுதும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தின் அட்டைகளை மட்டும் மறுநாள் காலை திரும்ப எடுங்கள்.